எல்ஈடியின் உயிர் யார் கையில்? தெரியுமா!

எல்ஈடி பல்ப் திடீரென்று அணைந்துவிட்டதா? "பல்ப் செத்துப்போச்சு" என்று எறியப் போகிறீர்களா? பொறுங்கள்! உள்ளே வரிசையாக இருக்கும் எல்ஈடிகளில் ஒன்றே ஒன்று கருகியிருக்கலாம். இல்லையென்றால், அவற்றுக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் டிரைவர் என்ற சின்னத் தகடு படுத்திருக்கலாம். மற்றதெல்லாம் நல்ல சுகத்தோடு இருக்கும்!

டிரைவர் அப்படி என்ன பெரிய வேலை செய்கிறது என்கிறீர்களா? வெள்ளை எல்ஈடி ஒன்றுக்கு வேண்டியது ஏறக்குறைய 3 வோல்ற். அதற்கு மேல் வெறும் 0.2 வோல்ற் கூடினால் என்ன ஆகும்? பல 1 வாற் எல்ஈடிகளில் மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்! சூடேறினால் இன்னும் மோசம். அதே வோல்ற்றில் கூடுதல் கரண்டை இழுக்கும், இழுக்க இழுக்க இன்னும் சூடாகும்! அதனால்தான் நல்ல டிரைவர் மின்னோட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வோல்ற் தன்பாட்டில் ஏறி இறங்கட்டும் என்று விட்டுவிடுகிறது.

12 வோல்ற் பற்றரி எப்போதும் 12 வோல்ற்றிலா நிற்கும்? இல்லவே இல்லை! சோலார் தகடு சார்ஜ் ஏற்றும் நண்பகலில் அது 14.4 வரை போகும்! மூன்று எல்ஈடியைத் தொடராக இணைத்து ஒரு தடையியை மட்டும் போட்டால், எல்ஈடிகள் 9.3 வோல்ற்றை எடுத்துக்கொள்ளும். 12 வோல்ற்றில் தடையிக்கு மிஞ்சுவது 2.7. 14.4 வோல்ற்றில் 5.1! மின்னோட்டமும் அதே கணக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு! வெயில் கொளுத்தும் வன்னியில் "சோலார் லைற் ஆறு மாசமும் நிக்கேல்லை" என்றால் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

உலகின் எளிய டிரைவர்களில் ஒன்று நெல்மணியை விடச் சின்னது, தெரியுமா? ஏஎம்சி7135 என்று பெயர். நீளம் 4.5 மில்லிமீற்றர்தான்! ஒரு லிதியம் பற்றரியும் ஒரு எல்ஈடியும் கொடுத்தால் 350 மில்லி அம்பியரில் பிடித்து நிறுத்தும். 700 வேண்டுமா? பக்கத்தில் இன்னொன்றைச் சமாந்தரமாகப் பற்றவையுங்கள். 1400 வேண்டுமா? நான்கு போடுங்கள்! ரோச் லைற்றுகளில் இப்படி எட்டு வரை அடுக்குகிறார்கள்!

இனி வருவதுதான் பெரிய ஆச்சரியம்! வன்னியில் டிரைவர் என்ற சொல்லே கேள்விப்படாத காலத்தில், வீட்டுக்கு வீடு ஒரு டிரைவர் இருந்தது தெரியுமா?

1990களின் பொருளாதாரத் தடைக் காலம். ரோச் பற்றரிக்கும் தடை! மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு! ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, சைக்கிள் ரியூப் வால்வுக்குள் திரியைச் செருகி எரித்த தலைமுறை அது. செய்தி கேட்க? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவை ஓட வைத்தார்கள்!

அந்தப் போத்தல் டைனமோவை இப்போது கையில் எடுத்துப் பாருங்கள். உச்சியில் பல் வெட்டிய சின்ன உருளை, ரயரின் பக்கத்தில் உரசிச் சுழலும். 6 வோல்ற், 3 வாற் என்று பொறித்திருக்கும். வகுத்துப் பாருங்கள், அரை அம்பியர்! வேகமாக மிதித்தால் மின்னோட்டமும் அதே வேகத்தில் ஏறும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! வேகம் ஏற ஏற, உள்ளே இருக்கும் கம்பிச் சுருளே அதைத் தடுக்கத் தொடங்கும். ஓரளவு வேகம் பிடித்த பிறகு எவ்வளவு மிதித்தாலும் அரை அம்பியரை ஒட்டியே நிற்கும்! மின்னோட்டத்தைப் பிடித்து வைப்பதுதானே டிரைவரின் வேலை? நான்கு இருவாயிகளால் ஒரு பாலம் கட்டி, 3 வாற் எல்ஈடி இரண்டைத் தொடராகப் பூட்டினால் போதும், கடை டிரைவரே தேவையில்லை! ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஓடும்போது எல்ஈடி கழன்றால் டைனமோவின் அழுத்தம் பல பத்து வோல்ற் வரை பாயும்!

வன்னியில் பஞ்சும் திரியும் எரிந்துகொண்டிருந்த அதே 1996இல்தான் ஜப்பானின் நிச்சியா நிறுவனம் வெள்ளை எல்ஈடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, தெரியுமா? அதற்கு வழி திறந்த நீல எல்ஈடிக்காக அகசாகி, அமனோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு! வன்னி வழியாகப் போகும் ஏ9 பாதை 2002இல் மீண்டும் திறந்தபோது வெள்ளை எல்ஈடிக்கு வயது ஆறு!

டிரைவரை நாமே திருத்தலாமா? தாராளமாக! சோலார் வேலைக்குப் பரவலாகப் போடும் பிடி4115 தகட்டை உற்றுப் பாருங்கள். 6 முதல் 30 வோல்ற் வரை தாங்கும். ஓரத்தில் "ஆர்30" என்று எழுதிய கறுப்புத் துண்டு தெரிகிறதா? 0.30 ஓம் தடையி அது. முழுச் சூத்திரமும் ஒரே வரி: 0.1ஐ அந்த ஓமால் வகுத்தால் அம்பியர்! 0.30 என்றால் 333 மில்லி அம்பியர். 0.15 போட்டால் 667! தகட்டில் அதே தடையி இரண்டு பக்கத்துப் பக்கமாக இருந்தால் ஒன்றைக் கழற்றிவிடுங்கள், மின்னோட்டம் சரிபாதி! வெளிச்சமும் பாதியாகுமா? அதுதான் இல்லை! குறைந்த மின்னோட்டத்தில் எல்ஈடி இன்னும் திறமாக எரியும், பாதியை விடக் கூடவே வெளிச்சம் தரும். என்னைக் கேட்டால், எந்த எல்ஈடியையும் பெட்டியில் போட்ட உச்ச அளவுக்கு ஓட்டவே கூடாது.

நம்ப முடியவில்லையா? டுபாய்க்குப் போய்ப் பாருங்கள்! 2016இல் பிலிப்ஸ் அந்த நகருக்கென்றே ஒரு பல்ப் செய்தது. 3 வாற் பல்ப் பழைய 60 வாற் குண்டு பல்பின் வேலையைச் செய்யும்! ரகசியம்? எல்ஈடிகளைக் கூட்டிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மின்னோட்டத்தைக் குறைத்தார்கள். அவ்வளவுதான்!

டிரைவருக்குள் முதலில் கிழடாவது யார், தெரியுமா? பெரும்பாலும் கொள்ளளவி! 10 பாகை சூடு குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பு. 105 பாகையில் 2,000 மணித்தியாலம் என்று எழுதியது 65 பாகையில் 32,000 மணித்தியாலம் உழைக்கும்! தகரக் கூரைக்குக் கீழே, காற்றே போகாத மூடிக்குள் டிரைவரை அடைக்கலாமா சொல்லுங்கள்?

2022 மார்ச் மாதத்தின் கடைசி நாளில் நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு, ஞாபகம் இருக்கிறதா? 2025 பெப்ரவரி 9இல், பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கால் முழு இலங்கையும் இருண்டதே! அந்த 13 மணித்தியாலத்துக்கு ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய பற்றரி வேண்டும்? 12 வோல்ற், 7 அம்பியர் மணி கொண்ட சின்னப் பற்றரி, அதிலும் பாதிதான்! நல்ல டிரைவரோடு 3 வாற் லைற் ஒன்று ஏறக்குறைய முழு நேரமும் எரிந்துவிடும்!

கடையில் டிரைவர் வாங்கும்போது மூன்றே மூன்றைப் பாருங்கள்: எத்தனை மில்லி அம்பியர், வெளியே எத்தனை வோல்ற் முதல் எத்தனை வரை, உள்ளே எத்தனை வோல்ற் தாங்கும். உங்கள் எல்ஈடி வரிசையின் மொத்த வோல்ற் அந்த எல்லைக்குள் விழ வேண்டும். வாற்றை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறாதீர்கள்!

230 வோல்ற் பல்பை மட்டும் வீட்டில் பிரித்துத் திருத்தாதீர்கள். மலிவான பல டிரைவர்களில் வீட்டுக் கரண்டுக்கும் எல்ஈடிக்கும் நடுவில் எந்தத் தடுப்பும் கிடையாது, சுவிச்சை நிறுத்திய பிறகும் கொள்ளளவி அடிக்கும்! பழக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு 12 வோல்ற் பற்றரியும் ஒரு பிடி4115 தகடும் ஒரு மீற்றரும் வாங்கிக் கொடுங்கள்.