நாட்டுக்காக ஆடினால் புள்ளி உண்டா?

ஓர் ஊரில் கபடிப் போட்டி நடக்கிறது. 16 அணிகள் வந்திருக்கின்றன. அவற்றில் இரண்டு அணிகள் மிகவும் பலமானவை. சீட்டுக் குலுக்கிப் போட்டால் என்ன ஆகும்? அந்த இரண்டு அணிகளும் முதல் நாளே மோதலாம். நல்ல அணி ஒன்று அன்றே ஊர் திரும்பிவிடும். கடைசி நாள் ஆட்டம் சப்பென்று முடியும்.

டென்னிஸ் ஆட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. மட்டையால் பந்தை வலைக்கு மேல் அடித்து ஆடுவதுதான் டென்னிஸ். இந்தச் சிக்கலைத் தீர்க்க அதில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

தரவரிசை

உலகில் யார் முதல் வீரர், யார் நூறாவது வீரர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இதுதான் தரவரிசை. ஆண்களுக்கான இந்தப் பட்டியல் 1973-ல் தொடங்கியது.

போட்டியில் வென்றால் புள்ளி கிடைக்கும். விம்பிள்டன் போன்ற மிகப் பெரிய போட்டிகள் நான்கு உள்ளன. அவற்றில் ஒன்றில் பட்டம் வென்றால் 2000 புள்ளி. சிறிய போட்டிகளில் பட்டம் வென்றால் 250 புள்ளிதான். ஒரு புள்ளிக்கு ஆயுள் 52 வாரம். அதன் பிறகு அது கழிந்துவிடும். எனவே வீரர் ஆண்டுதோறும் புதிதாகப் புள்ளி சேர்க்க வேண்டும்.

நாற்று நடுவது போல

விம்பிள்டனில் ஒற்றையர் ஆட்டத்தில் 128 பேர் ஆடுகிறார்கள். அவர்களில் சிறந்த 32 பேரைத் தனியாகப் பிரிக்கிறார்கள். நாற்றைத் தள்ளித் தள்ளி நடுகிறோம் அல்லவா? அதுபோல இவர்களைப் பட்டியலில் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். இதற்கு ஆங்கிலத்தில் 'சீடிங்' என்று பெயர். 'சீட்' என்றால் விதை. நம் செய்தித்தாள்கள் இதைப் போட்டித் தரநிலை என்று எழுதுகின்றன.

இந்த 32 பேரும் முதல் இரண்டு சுற்றுகளில் ஒருவரோடு ஒருவர் மோத மாட்டார்கள். 33-ஆம் இடத்தில் இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் முதல் நாளே உலகின் முதல் வீரரிடம் மாட்டிக்கொள்ளலாம். தோற்றால் பரிசுப் பணமும் குறையும். சில புள்ளிகள் ஒருவரின் பிழைப்பையே மாற்றிவிடும்.

அணியாக ஆடும்போது

டென்னிஸில் நாடுகளுக்கு இடையிலும் போட்டி உண்டு. டேவிஸ் கோப்பை 1900-ல் தொடங்கியது. இந்தியா 1966, 1974, 1987 ஆகிய மூன்று ஆண்டுகளில் இறுதிவரை சென்றது.

1995-ல் டெல்லியில் இந்தியாவும் குரோஷியாவும் மோதின. குரோஷியாவின் கோரான் இவானிசெவிச் உலகின் முன்னணி வீரர். நம் லியாண்டர் பயஸ் தரவரிசையில் நூறுக்கும் கீழே இருந்தார். முதல் இரண்டு செட்டிலும் பயஸ் தோற்றார். ஆனாலும் விடவில்லை. அடுத்த மூன்று செட்டையும் வென்றார். இந்தியா 3-2 என்று ஜெயித்தது. நாடே மகிழ்ந்தது. ஆனால் தரவரிசையில் அந்த வெற்றிக்குப் புள்ளி இல்லை. அன்றைய விதி அப்படி.

2009-ல் விதி மாறியது. டேவிஸ் கோப்பையின் மேல் பிரிவில் வென்றவர்களுக்குப் புள்ளி கொடுத்தார்கள். 2016-ல் அதை மறுபடியும் நிறுத்திவிட்டார்கள்.

2020-ல் ஏ.டி.பி. கோப்பை என்ற புதிய அணிப் போட்டி வந்தது. இதில் புள்ளி உண்டு. எத்தனையாவது சுற்று, எதிராளி எத்தனையாவது வீரர் என்று பார்த்துக் கொடுத்தார்கள். முதல் ஆண்டில் செர்பியா வென்றது. அந்த நாட்டின் நோவாக் ஜோகோவிச் ஆறு ஒற்றையர் ஆட்டங்களிலும் ஜெயித்தார். அவருக்கு 665 புள்ளி சேர்ந்தது. அந்தப் போட்டி 2022-ஓடு நின்றது. 2023-ல் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் யுனைடெட் கோப்பை தொடங்கியது. இதிலும் புள்ளி உண்டு. இது ஆஸ்திரேலியாவின் பெரிய போட்டிக்குச் சற்று முன்பு நடக்கிறது. இங்கே சேர்த்த புள்ளியால் அங்கே ஒருவரின் தரநிலை உயரலாம்.

எது நியாயம்?

"நாட்டுக்காக ஆடும் வாரத்தில் வீரர் வேறு போட்டிக்குப் போக முடியாது. அந்த உழைப்புக்குப் புள்ளி வேண்டாமா?" என்று ஒரு கேள்வி.

"அணியில் நாலைந்து பேருக்குத்தான் இடம். பலமான நாட்டின் ஏழாவது வீரருக்கு இடமே கிடைக்காது. அவர் எங்கே போய்ப் புள்ளி சேர்ப்பார்?" என்று மறு கேள்வி.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் விதி மாறி மாறி வந்திருக்கிறது.

இனி செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தையும் படித்துப் பாருங்கள். வீரரின் பெயரோடு ஓர் எண் இருக்கும். அந்தச் சின்ன எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆண்டு உழைப்பு இருக்கிறது. ஆனால் பயஸ் டெல்லியில் பெற்ற வெற்றி அந்த எண்ணில் சேரவில்லை. அதைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை.