வலையமைப்புக் கல்வியும் உரைமரபும்

சிறுசேரியில் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் பரனூரில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியும் எழுந்தபின், 2019இல் தனி மாவட்டமாகிய செங்கற்பட்டில் கணினி வலையமைப்புப் பணியை நாடும் இளைஞர் பலராயினர். அப்பணிக்கு வாயிலாக அமைவன சிஸ்கோ போன்ற நிறுவனங்கள் வழங்கும் சான்றிதழ்கள். 1998இல் தொடங்கப்பெற்ற சி.சி.என்.ஏ. அவற்றுள் பலரும் அறிந்தது. தமிழ்வழி பயின்ற மாணவருட் சிலர், நிறுவனத்தின் ஆங்கில ஆவணங்களைக் கண்டு அஞ்சி, வினாவிடைத் தொகுப்புகளை உருப்போட முனைகின்றனர். அவ்வாவணங்களைக் கற்கும் நெறி தமிழ் பயின்றார்க்குப் புதிதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நிறுவன ஆவணங்களுள் இன்றியமையாதன மூன்று. கட்டளைத் தொகுப்பு நூற்பாவை ஒத்தது. சுருக்கமும் திட்பமும் உடையது. அமைவு வழிகாட்டி உரையை ஒத்தது. காரணமும் எடுத்துக்காட்டும் தருவது. வெளியீட்டுக் குறிப்பு பாடவேறுபாட்டுக் குறிப்பை ஒத்தது. மென்பொருளின் எப்பதிப்பில் எது மாறிற்று என உரைப்பது. ஆதலின் ஆய்வகச் சுவிட்சின் பதிப்பெண்ணை முதற்கண் அறிதல் வேண்டும்.

கட்டளைகளை எழுதுவதற்கும் ஒரு மரபுண்டு. தடித்த எழுத்தில் உள்ளதை அவ்வாறே தட்டச்சிடவேண்டும். சாய்வெழுத்து, நாம் மதிப்பிட்டு நிரப்பவேண்டிய இடம். சதுர அடைப்பில் உள்ளது வேண்டின் சேர்ப்பது. நெளிவடைப்பில் உள்ளவற்றுள் ஒன்றைக் கட்டாயம் தெரிதல் வேண்டும். நிலைக்கோடு 'அல்லது' எனப் பொருள்படும். இவ்வைந்தையும் அறிந்தார்க்கு அச்சம் பாதி நீங்கும்.

சான்றொன்று காண்போம். இரு சுவிட்சுகளை இரு கம்பிகளால் இணைப்பின், ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கும். ஆனால் எல்லாக் கணினிகளுக்குமாக விடுக்கப்படும் தரவுச் சட்டகம் அவ்வளையத்துள் ஓயாது சுழலும். ஈதர்நெட் சட்டகத்திற்கு ஆயுள் வரம்பு இல்லை. சிறிது பொழுதில் வலையமைப்பு முழுதும் முடங்கும். அது மருத்துவமனையின் வலையமைப்பாயின் விளைவு சொல்லவும் வேண்டுமோ! இதனைத் தடுக்க 1985இல் ரேடியா பெர்ல்மன் வகுத்ததே 'ஸ்பானிங் ட்ரீ' நெறி. ஒரு சுவிட்சை வேராகக் கொண்டு, மிகையான வழியை அடைத்துவைத்து, தேவை நேருங்கால் திறப்பது அதன் இயல்பு.

முன்னுரிமை எண் சிறியதாக உடைய சுவிட்சே வேராகும். அவ்வெண்ணின் இயல்பு மதிப்பு 32768. அதனை 4096இன் மடங்குகளாகவே மாற்றலாம். எல்லாச் சுவிட்சுகளிலும் அவ்வெண் ஒத்திருப்பின், சிறிய மேக் முகவரி உடையது வேராகும். எனவே மாற்றாது விடின், மூலையிற் கிடக்கும் பழைய சுவிட்சொன்று வலையமைப்பிற்கே வேராகிவிடுதலும் கூடும். உருப்போட்டவர் 32768 என்று விடை சொல்வார். ஆவணம் பயின்றவரோ அவ்வெண்ணை எங்கே, எதற்காக மாற்றவேண்டும் என்பதையும் அறிவார்.

நூலாசிரியர் கருத்தினின்று உரையாசிரியர் கருத்தைப் பிரித்துணர்தல் நம் மரபு. அது ஈண்டும் வேண்டப்படுவது. 1990இல் வெளிவந்த 802.1டி என்னும் பொதுத்தரம் வலையமைப்பு முழுமைக்கும் ஒரே மரத்தை வகுத்தது. சிஸ்கோவின் பி.வி.எஸ்.டி. முறையோ ஒவ்வொரு வீலேனுக்கும் தனிமரம் வகுப்பது. ஒரு நிறுவனத்தின் ஆவணத்தையே பொதுவிதியெனக் கொள்வார், பிற நிறுவனச் சுவிட்சை இணைக்குங்கால் இடர்ப்படுவர்.

ஏட்டறிவு மட்டும் போதாது. 1957இல் தோன்றிய மாமல்லபுரச் சிற்பக் கல்லூரியில் சிற்பநூலும் உளியும் ஒருங்கே பயிலப்படுவது போல, ஆவணமும் ஆய்வகமும் இணைதல் வேண்டும். சுவிட்ச் வாங்க இயலாதார்க்குப் பாக்கெட் டிரேசர் என்னும் பாவனை மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஒரு பகுதியைப் படித்து, எது வேராகும், எவ்வழி அடைபடும் என்பதை முன்னரே ஏட்டில் எழுதுக. பின்னர்ச் செய்து பார்த்து, 'ஷோ' கட்டளை காட்டும் விடையோடு ஒப்பிடுக. மாறுபடின் மீண்டும் ஆவணத்திற்குச் செல்க.

1993இல் தோன்றிய சி.சி.ஐ.இ. என்னும் உயர்சான்றிதழின் எட்டு மணிநேரச் செய்முறைத் தேர்வில், நிறுவனத்தின் ஆவணங்களைப் பார்ப்பதற்கே இடமளிக்கப்பட்டுள்ளது. நினைவாற்றலை விட, உரிய பக்கத்தைக் கண்டு பொருள்கொள்ளும் ஆற்றலே ஆங்குப் பெரிதும் துணைசெய்வது. நூற்பாவுக்கு உரை கண்டு பழகிய நம் மாணவர்க்கு அவ்வாற்றல் எட்டாத ஒன்றன்று.