பௌர்ணமியைக் குறித்து வையுங்கள்

திருவண்ணாமலைக்குப் படிக்க வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, காலண்டரை எடுத்துப் பௌர்ணமியைக் குறித்து வையுங்கள் என்பதுதான். அன்றைக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்ற லட்சக்கணக்கில் ஜனம் வரும். வெளியூர்ப் பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும். அங்கிருந்து அறைக்கு வர, ஆட்டோக்காரர் கேட்டதுதான் கூலி. தீபத் திருவிழா என்றால் பத்து நாளும் கையைக் கடிக்கும். ஊருக்குப் போய்வருவதை இரண்டு நாள் முன்பின் தள்ளினாலே ஒரு தொகை மிஞ்சும்.

இங்கே அரசு கலைக் கல்லூரியில் எம்.ஏ. படிக்கிறேன், இன்னும் இரண்டு தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சிக்கனம் என்றதும் பல பிள்ளைகள் கைவைப்பது காலைச் சாப்பாட்டில். அதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பதினொரு மணிக்குக் கண் இருட்டும். கேன்டீனில் பப்ஸும் டீயும் வாங்கினால் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்.

எங்களுக்கு அரிசி வீட்டிலிருந்து வருகிறது. ஒருத்தி வீட்டில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறார்கள். உரித்த பயிறு ஒரு பை வந்துவிட்டால் அந்த மாதம் சட்னிக் கவலை இல்லை. அடுப்பைக் குறைத்து வைத்துக் கருகாமல் வறுத்து, தோலைத் தேய்த்து ஊதிவிட்டு, நாலு காய்ந்த மிளகாய், இரண்டு பல் பூண்டு, துளி புளி, உப்பு வைத்துக் கெட்டியாக அரைப்போம். காலையில் இட்லிக்குத் தொட்டுக்கொண்டது போக, மதிய டப்பாவில் சாதத்தோடு பிசைந்துகொள்ளவும் ஆகும். தேங்காய் வாங்கும் செலவு இல்லை. காய்கறிக்கு உழவர் சந்தை. விளைவித்தவரே விற்கிறார், அன்றைய விலை பலகையில் இருக்கும். கீரை வேண்டுமென்றால் விடிந்ததும் போய்விட வேண்டும்.

சமைக்க 5 கிலோ சிறிய சிலிண்டர் போதும். முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டையைக் காட்டியே ஏஜென்சியில் வாங்கலாம். கரண்ட் அடுப்பு வைப்பதாக இருந்தால், யூனிட்டுக்கு எவ்வளவு என்று வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் பட்டினி கிடக்காதீர்கள். அண்ணாமலையார் கோயிலில் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் பந்தியில் உட்காரலாம். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

நமக்கு வர வேண்டியதைக் கேட்டு வாங்காமல் விடுவதுதான் பெரிய நஷ்டம். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். வங்கிக் கணக்கில் ஆதாரை இணைத்து வையுங்கள். என் இளநிலைப் படிப்பில் அந்த ஆயிரம்தான் வாடகைப் பங்கைக் கட்டியது. அரசின் நல விடுதியில் இடம் கிடைத்தால் தங்கலும் சாப்பாடும் இலவசம். கல்லூரியில் சேர்ந்த கையோடு அதற்கு எழுதிப் போடுங்கள். அரசுக் கல்லூரி மாணவர்களுக்குப் பஸ் பாஸ் இலவசம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. கிட்டத்து ஊர்ப் பெண்கள் அறை எடுக்காமல் வீட்டிலிருந்தே வந்துபோகலாம்.

டி.என்.பி.எஸ்.சி. பயிற்சிக்கென்று கடன் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசமாகவே வகுப்பு எடுக்கிறார்கள். புத்தகத்துக்கு மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. தேர்வுக்கோ நேர்காணலுக்கோ சென்னை போக, 2024 மே முதல் கடற்கரை நிலையம் வரை ரயில் ஓடுகிறது. தொடங்கியபோது டிக்கெட் 50 ரூபாய். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பிப் போய், மாலை ரயிலில் திரும்பிவிட்டால் அங்கே தங்கும் செலவு மிச்சம். அது இங்கே வந்து சேர நள்ளிரவு ஆகிவிடும் என்பதால், தங்கச்சிகள் மட்டும் துணையோடு போய்வாருங்கள்.