உங்களுக்குத் தெரியுமா? கணினிக்குள் கணினி, அதற்குள்ளும் ஒன்று!

அம்பத்தூர் தொழிற்பேட்டை வட்டாரத்தில் இன்று லேத் பட்டறைகளோடு டேட்டா சென்டர்களும் இயங்குகின்றன. அங்கே ஒரே சர்வரைப் பல மெய்நிகர் கணினிகள் பங்குபோட்டுக்கொள்ளும். அந்த மெய்நிகர் கணினிக்குள் இன்னொன்றை ஓட்ட முடியுமா? முடியும். ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 2010-இல் ‘டர்டில்ஸ்’ திட்டத்தில் இன்டெல் சிப்பிலேயே அதைச் செய்து காட்டினார்கள். அருமையான வேலை! ஆனால் மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்; உள்ளே இருக்கும் ஹைப்பர்வைசர் தன் மெய்நிகர் கணினிக்கான கட்டுப்பாட்டுப் பதிவேட்டைப் படிக்கவும் எழுதவும் ஒவ்வொரு முறையும் அடிமட்ட ஹைப்பர்வைசரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. அதனால் வேகம் அடிபட்டது. 2013-இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையில், அந்தப் படிப்பு-எழுத்தில் பெரும்பகுதியை நிழல் நகல் ஒன்றில் சிப்பே முடித்துவிடும் வசதி வந்தது. லினக்ஸ் 4.20 முதல் இன்டெல் கணினிகளில் லினக்ஸின் ஹைப்பர்வைசரான கே.வி.எம். இந்த அடுக்கு முறையைத் தானாகவே அனுமதிக்கிறது. அதனால் ஆவடியில் படிக்கும் பொறியியல் மாணவர் தன் லேப்டாப்பிலேயே ஒரு குட்டி கிளவுட் கட்டிப் பழகலாம்.