வேலை தருபவரின் கையில் விசா

கபிலா ஆற்றின் கரையில், மைசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள நஞ்சன்கூடு, ஸ்ரீகண்டேசுவரர் கோயிலாலும் ரசபாளெ வாழையாலும் பெயர்பெற்ற ஊர். குண்டலுப்பேட்டை வழியாக உதகைக்கும் வயநாட்டுக்கும் செல்வோர் இவ்வூரைக் கடந்தே செல்கின்றனர். இன்று இது தொழிற்பேட்டை உள்ள ஊருமாகும். பிட்டர், வெல்டர், எலக்ட்ரீசியன் போன்ற தொழில்களை ஐ.டி.ஐ.யில் கற்று, சில ஆண்டுகள் ஆலைப் பயிற்சியும் பெற்ற இளைஞருக்கு அயல்நாட்டு வேலை பற்றிய எண்ணம் தோன்றுவது இயல்பே. அவர் வளைகுடா நாடொன்றுக்குச் செல்ல விரும்புவதாகக் கொள்வோம். அவர் கடக்க வேண்டிய படிகள் யாவை? அப்படிகளில் எவை அவருடைய பொறுப்பு, எவை பிறருடைய பொறுப்பு? பலர் பணத்தை இழப்பதற்கு இவ்வினாக்களுக்கு விடை தெரியாமையே முதற் காரணமாகும்.

முதற் படியான பாஸ்போர்ட் இப்பகுதி மக்களுக்கு எளிதாகியுள்ளது. அஞ்சலகங்களிலேயே பாஸ்போர்ட் சேவை மையங்களை அமைக்கும் திட்டம் 2017 ஜனவரி 25 அன்று நாட்டில் இரண்டே இடங்களில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. ஒன்று குஜராத்தின் தாஹோத்; மற்றொன்று மைசூர். அதற்கு முன்பு பெங்களூர் வரை செல்ல வேண்டியிருந்த நஞ்சன்கூட்டு விண்ணப்பதாரருக்கு இது ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்திய மாற்றம் எனலாம்.

விண்ணப்பதாரர் யார்?

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பவர் தொழிலாளி. ஆனால் பணி விசாவுக்கு முதலில் விண்ணப்பிப்பவர் அவரல்லர், அயல்நாட்டிலுள்ள வேலையளிப்பவரே. இதுவே இம்முறையின் அடிப்படை. தமக்கு இத்தனை ஆட்கள், இன்ன தொழிலுக்குத் தேவை என்று வேலையளிப்பவர் தம் நாட்டுத் தொழில் அமைச்சகத்திடம் கோர வேண்டும். அக்கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகே, இங்குள்ள தொழிலாளியின் பெயரில் நுழைவு அனுமதி பிறக்கும். வந்து சேர்ந்தவருக்கு மருத்துவப் பரிசோதனை செய்வித்து, வசிப்பிட அட்டை பெற்றுத் தருவதும் வேலையளிப்பவரின் கடமையே. எனவே "விசா கைவசம் இருக்கிறது, விலை இவ்வளவு" என்று ஊரில் ஒருவர் கூறுவாராயின், அவர் விற்பது தமக்குச் சொந்தமில்லாத ஒரு பொருளை என்று உணர வேண்டும். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், ஆள் சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடமிருந்து வசூலிப்பதை வேலையளிப்பவருக்குத் தடை செய்கிறது.

இந்தியச் சட்டம் இவ்விடத்தில் குறுக்கிடுகிறது. 1922ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட குடிபெயர்வுச் சட்டம், 1983 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்தது. பதிவுச் சான்றிதழ் பெறாத எவரும் அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்த்தல் ஆகாது என்பது அதன் முக்கிய விதி. பதிவு பெற்ற முகவரும் தொழிலாளியிடமிருந்து பெறத்தக்க சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. அது ரூ.30,000, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ.35,400. இதற்கு இரசீது தர வேண்டும். நடைமுறையில், பதிவு பெற்ற முகவருக்கும் கிராமத்துக்கும் இடையே துணைமுகவர் ஒருவர் நிற்கிறார். அவருக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் கிராமத்துக்கு வருபவர் அவர்தாம். பெருந்தொகை கைமாறுவது பெரும்பாலும் அங்கேதான், இரசீதின்றி. இதற்குச் சட்டம் விதிக்கும் தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறையும் ரூ.2,000 வரை அபராதமும் ஆகும். 1983இல் இரண்டாயிரம் ரூபாய் ஒரு தொகையாக இருந்திருக்கலாம். இன்று அது ஒரு தொழிலாளியிடம் மிகையாகப் பெறும் பணத்தில் மிகச் சிறு பகுதிக்கும் ஈடாகாது.

ஒரு சான்றிதழின் கோடு

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதோர் பாஸ்போர்ட்டில் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு, அதாவது ஈ.சி.ஆர்., அச்சிடப்படும். வருமான வரி செலுத்துவோர், ஐம்பது வயதைக் கடந்தோர் முதலிய சில பிரிவினருக்கு விலக்கு உண்டு. இக்குறிப்புள்ளவர் வளைகுடா நாடுகள், மலேசியா, ஜோர்தான், லெபனான், ஈராக் உள்ளிட்ட 18 நாடுகளில் வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். பெங்களூரிலும் சென்னையிலும் அப்பாதுகாவலர் அலுவலகங்கள் உள்ளன. நேரில் அலையும் தேவை, 2014இல் தொடங்கப்பட்ட இ-மைக்ரேட் என்னும் மின்வழிப் பதிவு முறையால் பெரிதும் குறைந்தது. அயல்நாட்டு வேலையளிப்பவரும் இம்முறையில் பதிவு செய்ய வேண்டும். ஊதியம், வேலை நேரம், உணவு, தங்குமிடம் ஆகியவற்றைக் கூறும் ஒப்பந்தமும் அதில் ஏற்றப்பட வேண்டும். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் கொண்ட பெண்டிருக்குக் குறைந்தபட்ச வயது 30 என்பது மற்றொரு விதி.

அனுமதியோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீடும் கட்டாயமாகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ரூ.275, மூன்று ஆண்டுகளுக்கு ரூ.375 என்ற சிறு கட்டணத்தில், விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் ரூ.10 இலட்சம் வரை பாதுகாப்புக் கிடைக்கிறது.

இக்கோட்டின் விளைவு ஆராயத்தக்கது. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய நஞ்சன்கூட்டு வெல்டருக்கு இவ்வனுமதி தேவையில்லை. அவருடன் அதே விமானத்தில் சென்று, அதே முகாமில் தங்கப்போகும் தேறாத உதவியாளருக்குத் தேவை. தேறியவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வார் என்பது இதன் உட்கருத்து. ஆயினும் ஊதியம் நிறுத்தப்படும்போது இருவர் நிலையும் ஒன்றே. வேறுபாடு, ஒருவருடைய ஒப்பந்தம் இந்திய அரசின் பதிவில் உள்ளது, மற்றவருடையது இல்லை என்பதே. அனுமதி தேவைப்படாதோரும் பதிவு செய்தல் கட்டாயம் என்று 2018 நவம்பரில் வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. எதிர்ப்பு எழவே, அம்மாதமே அது நிறுத்திவைக்கப்பட்டது.

கோட்டைத் தாண்டும் குறுக்குவழியும் உண்டு. சுற்றுலாவுக்கோ உறவினரைக் காணவோ செல்பவருக்கு அனுமதி தேவையில்லை. ஆகவே சில முகவர்கள், தொழிலாளியைப் பார்வையாளர் விசாவில் அனுப்பி, அங்கு சென்றபின் பணி விசாவாக மாற்றித் தருவதாகக் கூறுகின்றனர். மாறினால் நன்று. மாறாவிடில், அவர் வேலை செய்வதே குற்றமாகிறது, ஊதியம் கேட்கச் சட்டப்படி ஒப்பந்தமுமில்லை, காப்பீடுமில்லை. வேலையளிப்பவர் எவருமின்றிச் செல்வோரின் நிலையை மைசூர் மாவட்டம் அண்மையில் நன்கு கண்டது. 2023 ஏப்ரலில் சூடானில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, மூலிகை மருந்து விற்கச் சென்றிருந்த கர்நாடக ஹக்கி-பிக்கி பழங்குடியினர் எல் பாஷர் நகரில் சிக்கினர். ஹுன்சூர் வட்டத்தின் பட்சிராஜபுரத்தில் இவர்கள் குடியிருப்பு உள்ளது. 'காவேரி' என்ற பெயரிலான மீட்பு நடவடிக்கையால் இந்தியர்கள் தாயகம் கொண்டுவரப்பட்டனர். வணிகராகச் சென்றவர்கள் என்பதால் வேலை ஒப்பந்தமோ அதன் வழி வரும் பதிவோ அவர்களுக்கு இல்லை.

ஒப்பந்தம் எந்த மொழியில்?

எமிரேட்ஸ் அரசின் தொழில் அமைச்சகம், 2016 முதல், வேலை வாய்ப்புக் கடிதத்தைத் தொழிலாளி புரிந்துகொள்ளும் மொழியிலும் தந்து கையொப்பம் பெற வேண்டும் என்று விதித்தது. அரபியும் ஆங்கிலமும் தவிர, இந்தி, உருது, வங்காளி, மலையாளம், தமிழ், சிங்களம், நேபாளி முதலிய மொழிகளில் அப்படிவங்கள் அமைக்கப்பட்டன. அப்பட்டியலில் கன்னடம் இடம்பெறவில்லை. ஆகவே ஈரோட்டுத் தொழிலாளி தம் தாய்மொழியில் படிக்கும் தாளை நஞ்சன்கூட்டுத் தொழிலாளி பிறரிடம் கேட்டறிய வேண்டியவராகிறார். கேட்டறியும் அந்தப் பிறர், பெரும்பாலும் முகவரே.

இது அற்பச் செய்தியன்று. ஒப்பந்த மாற்றம் என்னும் மோசடி இங்கிருந்தே தொடங்குகிறது. பதிவில் ஏற்றிய ஒப்பந்தத்தில் ஓர் ஊதியம். விமானம் ஏறுமுன்னரோ, இறங்கிய பின்னரோ நீட்டப்படும் தாளில் வேறு ஊதியம். கடன் வாங்கிச் சென்றவர் அப்போது மறுத்துத் திரும்ப இயலாது. பதிவில் குறிக்க வேண்டிய குறைந்தபட்ச ஊதியத்தையே இந்திய அரசு 2020 செப்டம்பரில் வளைகுடா நாடுகளுக்குக் குறைத்தது; வேலைகள் பிற நாட்டவருக்குப் போய்விடும் என்ற அச்சம் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. கடும் எதிர்ப்புக்குப் பின் 2021இல் பழைய அளவு மீட்கப்பட்டது.

துண்டு முதல் கபாலா வரை

தமிழருக்கு இவ்வமைப்பு புதிதன்று. இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த காலத்தில், முன்பணம் பெற்றவர் அக்கடன் தீரும்வரை தோட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். இலங்கையில் ஒரு தோட்டத்தை விட்டு வேறொன்றுக்குச் செல்ல 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் இவரை விடுவிக்கச் சம்மதம் என்று அதில் துரை எழுதிக் கொடுப்பார். 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. மலேயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் பயிற்சியற்ற தொழிலாளரின் குடிபெயர்வை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற பதவியின் பெயரே ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறிய காலத்தின் எச்சமாகும்.

கபாலா எனப்படும் வளைகுடாப் பொறுப்பாளர் முறையில் துண்டின் இடத்தை வேலையளிப்பவரின் ஆட்சேபமில்லாக் கடிதம் பிடித்துக்கொண்டது. அக்கடிதமின்றி வேலை மாற முடியாது. சில நாடுகளில் நாட்டை விட்டு வெளியேறவும் முடியாது. கத்தார் 2018இல் பெரும்பாலோருக்கு வெளியேறும் அனுமதியையும், 2020இல் ஆட்சேபமில்லாக் கடிதத்தையும் நீக்கியது. சவூதி அரேபியா 2021 மார்ச்சில் வேலை மாற்றத்தைத் தளர்த்தியபோது, வீட்டுப் பணியாளர், வீட்டு ஓட்டுநர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்போர் ஆகியோரை அதில் சேர்க்கவில்லை. மிகத் தனித்து வாழ்பவர்கள் இவர்களே.

இக்கட்டு வளைகுடாவுக்கு மட்டும் உரியதன்று. மைசூரின் கணினி நிறுவனங்களில் பணியாற்றும் பொறியாளர் பெற விரும்பும் அமெரிக்க எச்-1பி விசாவும் வேலையளிப்பவரின் மனுவின் மேல் எழுவதே. ஆண்டுக்கு 65,000, அமெரிக்க மேற்பட்டம் பெற்றோருக்கு மேலும் 20,000 என்ற வரம்புக்குள் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னரே மனு ஏற்கப்படும். வேலை போனால் பொதுவாக 60 நாட்களுக்குள் வேறு வேலையளிப்பவரைத் தேட வேண்டும். 2025 செப்டம்பரில், அந்நாட்டுக்கு வெளியே இருப்போருக்கான புதிய மனுக்களுக்கு ஒரு இலட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க அதிபர் ஆணையிட்டது, அங்கும் விசாவின் கதவு யார் கையில் உள்ளது என்பதைக் காட்டியது. பிரிட்டனிலும், வேலையளிப்பவர் தம் பொறுப்பாளர் உரிமத்தை இழந்தால், அவரிடம் பணிபுரிபவர் பொதுவாக 60 நாட்களில் மாற்றிடம் தேட வேண்டியவராகிறார். பராமரிப்புப் பணியாளரை அயல்நாட்டிலிருந்து புதிதாகச் சேர்ப்பதை அந்நாடு 2025 ஜூலையில் நிறுத்திவிட்டது.

முகவரை நம்பாது அரசு நிறுவனத்தின் வழியே செல்வதும் இயலும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இப்பணியைச் செய்துவருகிறது. செவிலியரைப் பொறுத்தவரை, 2015இல் எழுந்த ஆள் சேர்ப்பு ஊழல்களுக்குப் பின், மேற்கூறிய 18 நாடுகளுக்கு அரசு நிறுவனங்களின் வழியாகவே சேர்க்க வேண்டும் என்று முதலில் விதிக்கப்பட்டது. ஆயினும் இத்தகைய நிறுவனங்கள் அனுப்பும் எண்ணிக்கை, தனியார் முகவர்கள் அனுப்புவதோடு ஒப்பிடத் தக்கதன்று.

1983 சட்டத்துக்கு மாற்றாகப் புதிய மசோதா ஒன்றின் வரைவை வெளியுறவு அமைச்சகம் 2025 அக்டோபரில் மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. எந்தச் சட்டமாயினும், புறப்படுபவர் செய்யத்தக்கவை சில உள்ளன. முகவரின் பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம், பணம் கட்டிய இரசீது ஆகியவற்றின் நகல்களை வீட்டில் வைத்துச் செல்லலாம். ஐயமிருப்பின், புறப்படும் முன்னரே 1800 11 3090 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரத்தை அழைக்கலாம். சென்ற பின் இடர் நேர்ந்தால், தூதரகத்தில் முறையிட வேண்டியவர் தொழிலாளி மட்டுமே என்றில்லை. நஞ்சன்கூட்டிலிருந்தே குடும்பத்தார் 'மதத்' என்னும் மின்வழிக் குறைதீர் முறையில் புகாரைப் பதிவு செய்யலாம். அப்போது முதலில் கேட்கப்படுவது வேலையளிப்பவரின் பெயரும் முகவரியுமே.