நிலையத்துத் திறப்பு

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தில் வழங்கிவந்த முதுமொழி. அரசாங்க உத்தியோகத்தின்மீது எம்மவர் கொண்டிருந்த பற்றினை இதனினும் சுருக்கமாக எடுத்துரைத்தல் அரிது. ஒருவர் கைக்கு வந்த உத்தியோகத்தைத் தாமே விட்டு நீங்கினார் என்றால், அவருக்குக் கிரகபலன் சரியில்லை என்றே ஊரார் கருதுவர். எங்கள் குடும்பத்தில் அவ்வாறு உத்தியோகத்தை விட்டவர் இருவர். ஒருவர் என் தந்தையார்; மற்றவன் நான். அவர் விட்டது 1990 இல். நான் விட்டது 2012 இல். முன்னதன் பொருளைப் பின்னதே எனக்கு விளக்கிற்று.

தந்தையார் புகையிரத நிலைய அதிபர். யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடைப்பட்ட சிறு நிலையங்களுள் ஒன்றில் அவர் கடமையாற்றிய காலத்திலேதான் எனக்கு நினைவு தெரிந்தது. கொழும்பிலிருந்து காங்கேசன்துறைவரை செல்லும் வடபகுதிப் பாதை 1905 இல் முழுமை பெற்றது. 1956 இல் 'யாழ்தேவி' ஓடத் தொடங்கிய பின்னர், எங்கள் ஊரவர் பலருக்கு அவ்வண்டியின் ஓசையே கடிகாரமாயிற்று. ஒற்றைத் தண்டவாளத்தில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாதிருத்தற்பொருட்டு, அடுத்த நிலையத்தின் சம்மதத்துடன் எடுக்கப்பட்ட உலோக வில்லையொன்றைத் தோற்பையில் இட்டு, வளையத்தில் மாட்டிச் சாரதியிடம் கொடுப்பார்கள். அவ்வில்லை கையில் இல்லாமற் சாரதி வண்டியை நகர்த்தமாட்டார். அவ்வளையத்தை உயர்த்திப் பிடித்தபடி மேடையில் நின்ற தந்தையாரே, என் சிறு பிராயத்தில் உலகத்தை நடத்துபவராய் எனக்குத் தோன்றினார்.

1990 ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டது. வடக்கே வண்டிகள் நின்றன. தந்தையார் தெற்கே சென்று வேறொரு நிலையத்திற் கடமையேற்றிருக்கலாம். அப்பாச்சி அப்பொழுது படுக்கையில் இருந்தார். அவரைத் தூக்கிச் செல்லவும் இயலாது. விட்டுச் செல்லவும் மனமில்லை. தந்தையார் போகவில்லை.

உத்தியோகம் போனதிலும் அவரை அதிகம் வருத்தியது மற்றொன்று. நிலையத்தை ஒப்படைக்க ஆளில்லை. பொறுப்பேற்பவர் கையொப்பமிடாமல் ஒருவர் தம் கடமையிலிருந்து நீங்குதல் கூடாது என்பது அவர் கற்ற ஒழுங்கு. ஆகவே, விளக்குகள், கொடிகள், வாங்குகள், சுவர்க் கடிகாரம் என்று அனைத்தையும் ஒரு தாளில் வரிசைப்படுத்தி எழுதினார். கீழே 'ஒப்படைத்தவர்' என்றவிடத்திற் கையொப்பமிட்டார். 'பெற்றுக்கொண்டவர்' என்றவிடம் வெறுமையாய் இருந்தது. நிலையத்தின் திறப்பினை வீட்டுக்குக் கொணர்ந்து, சுவாமி அறையின் வாயிலருகே ஓர் ஆணியில் மாட்டிவைத்தார்.

சந்தியில் ஒரு கொட்டில்

பின்வந்த ஆண்டுகளைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள், மாணவர்களுக்காகச் சொல்கிறேன். குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பெற்றோல் கிடைப்பது அரிது, மண்ணெண்ணெய் பெருஞ்செல்வம். சனங்கள் துவிச்சக்கரவண்டியை நம்பியே நடமாடினர். நோயாளரும் அதிற் சென்றனர். மணமக்களும் அதிற் சென்றனர். நிறுத்திவைத்த வண்டியை ஒருவர் மிதிக்க, 'டைனமோ' தந்த மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டோம். அக்காலத்தில், தம்மினும் வயதிற் குறைந்த ஒரு தொழிலாளியிடம் நாற்பது வயதில் மாணவராய் அமர்ந்து வேலை பழகி, சந்தியிலே கிடுகுக் கொட்டில் ஒன்றில் தந்தையார் சைக்கிள் திருத்தும் கடையைத் தொடங்கினார்.

அக்கடையில் ஒரு கொப்பி இருந்தது. 'வந்த நேரம், குறை, செய்த வேலை, புறப்பட்ட நேரம், பெற்றவர் கையொப்பம்' எனக் கோடு கிழித்து, ஒவ்வொரு சைக்கிளையும் அதிற் பதிவார். சொன்ன நேரத்துக்கு வேலை முடியாவிடின், தாமதத்துக்குரிய காரணத்தையும் எழுதுவார். ஒட்டுப்போட வந்தவர்கள் முதலில் நகைத்தனர். பின்னர், "அவர் நாலேகாலுக்கு என்றால் நாலேகாலுக்குத்தான்" என்று சொல்லத் தலைப்பட்டனர்.

நான் நகைக்கவில்லை, வெட்கப்பட்டேன். புதிய வகுப்பில் இடாப்பு எழுதிய ஆசிரியர் தகப்பனாரின் தொழிலைக் கேட்டபொழுது, "ஸ்ரேசன் மாஸ்டர்" என்றேன். பின்வாங்கிலிருந்து ஒரு குரல், "எந்த ரெயிலுக்கு?" என்று கேட்டது. வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து, "நீங்கள் ஏன் அப்பா எல்லாரும் பார்க்கச் சந்தியில் இருக்கிறீங்கள்?" என்று கேட்டு அழுதேன். தந்தையார் கோபிக்கவில்லை. மறுநாள் பள்ளி விட்டு நாங்கள் சந்தியைக் கடந்தபொழுது, அவர் கொட்டிலின் உட்புறமாக, வீதிக்கு முதுகு காட்டி அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். அதற்கடுத்த நாளும் அவ்வாறே இருந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

1995 அக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்துச் சனங்கள் அனைவரும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபொழுது, எங்கள் சைக்கிளில் ஏறியவை சில உடுப்புகள், அரிசி, ஆயுதப்பெட்டி, அந்தக் கொப்பி என்பனவே. திறப்பு அப்பாவின் மடியில் இருந்தது. அடுத்த ஆண்டு திரும்பிவந்து பார்த்தபொழுது, தண்டவாளம் இருந்த இடம் பற்றைகள் மூடிய ஒற்றையடிப் பாதையாயிருந்தது. இரும்பும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. கொட்டிலுக்குப் புதுக்கிடுகு வேய்ந்து, திறப்பினை மீண்டும் ஆணியில் மாட்டினார்.

ஒரே கேள்வி

நான் பட்டம் பெற்றுக் கொழும்பிலே ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஏழாண்டுகள் வேலை செய்தேன். சம்பளம் நன்று, மேலதிகாரிகள் நல்லவர்கள். ஆயினும், சனிக்கிழமைகளில் அயலிலுள்ள பிள்ளைகளுக்குக் கணக்கீடு சொல்லிக்கொடுத்த இரண்டு மணித்தியாலத்துக்காகவே மற்றைய ஆறு நாள்களையும் கடத்துகிறேன் என்பதை ஒருநாள் உணர்ந்தேன். 2012 இல் ஆசிரிய நியமனம் கிடைத்தபொழுது அதனை ஏற்றேன். சம்பளம் ஏறக்குறையப் பாதியாயிற்று.

அம்மா அழுதார். "அவரைப்போலவே நீயும்" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாய்த் தைத்தது. தந்தையார் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, கணக்கெல்லாம் ஒப்படைச்சுக் கையெழுத்து வாங்கினியோ?" வாங்கினேன் என்றேன். "அப்ப சரி" என்றார். அவர் அதற்குமேற் பேசவில்லை.

முந்திய தொழிலில் கழிந்த காலம் வீணானதோ என்னும் ஐயம் சிலகாலம் என்னை வாட்டியது. பெரியோர் வரலாறுகளை மீண்டும் படித்தபொழுது அது நீங்கிற்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஆசிரியராகவும், பத்திரிகாசிரியராகவும், அரசாங்கக் கணக்குப் பகுதி உத்தியோகத்தராகவும், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தவர். அவரே கலித்தொகையை ஏட்டிலிருந்து 1887 இல் அச்சேற்றினார். ஏட்டுடன் ஏட்டை ஒப்பிட்டுப் பிழை களையும் பொறுமை, கணக்குப் புத்தகம் பார்ப்பவரின் பொறுமையே என்று எனக்குத் தோன்றுகிறது. விபுலாநந்த அடிகளும் முதலில் விஞ்ஞானம் கற்பித்தவர், பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர், அதன்பின் துறவி, அதன்பின் தமிழ்ப் பேராசிரியர். 1947 இல் வெளிவந்த அவருடைய 'யாழ்நூல்', கணிதமும் பௌதிகமும் கற்றிராத ஒருவரால் எழுதப்பட்டிருக்க முடியாது. முன்செய்த தொழில் கையைவிட்டுப் போவதில்லை. அடுத்த தொழிலுக்குள்ளே சென்று அமர்ந்துகொள்கிறது. இதற்குச் சான்று தேடி நான் நூலகத்துக்குப் போனேன். சான்று எங்கள் சந்தியில், ஒரு கொப்பியில், கோடு கிழித்து இருந்தது.

பெற்றுக்கொண்டவர்

2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியிற் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டும் வந்தது. சில கிழமைகள் கழித்து ஒரு காலையில் அப்பா வெள்ளைச் சட்டை அணிந்து, ஆணியிலிருந்த திறப்பினைக் கழற்றி எடுத்து, "என்னை ஸ்ரேசனுக்கு ஏற்றிக்கொண்டு போ" என்றார்.

பழைய கட்டடம் இல்லை. புதிய கதவு, புதிய பூட்டு. அந்தத் திறப்புக்குத் திறக்க அங்கே எதுவும் இருக்கவில்லை. உள்ளே இருந்த நிலைய அதிபர் சிங்கள இளைஞர். அப்பா தமது பெயரையும் பழைய பதவியையும் சிங்களத்திற் சொல்லி, திறப்பினையும் மஞ்சளித்துப்போன அந்தத் தாளையும் மேசைமீது வைத்தார். விஷயத்தை விளங்கிக்கொள்ள அவ்விளைஞருக்குச் சற்று நேரம் சென்றது. விளங்கியதும் கதிரையை விட்டு எழுந்து நின்றார். இரு கைகளாலும் திறப்பினை வாங்கினார். பின்னர் அமர்ந்து, 'பெற்றுக்கொண்டவர்' என்றவிடத்திற் கையொப்பமிட்டுத் திகதியும் இட்டார். இருபத்தைந்து ஆண்டுகளாக வெறுமையாய்க் கிடந்த இடம் நிரம்பிற்று. திரும்பும் வழியில் அப்பா, "ஒரு வேலை முடிஞ்சுது" என்றார்.

2017 இல் அவர் காலமானார். கொட்டிலுக்குள் முதுகு காட்டி அமர்ந்திருந்த அந்நாள்களைப் பற்றி அவரிடம் மன்னிப்புக் கேட்கப் பலமுறை எண்ணினேன், கேட்காமலே விட்டேன்.

அதன்பின் என் மாணவர்களிடம் ஒரு முயற்சியைத் தொடங்கினேன். அவரவர் வீட்டில் மூன்று தலைமுறையினர் செய்த தொழில்களைக் கேட்டு எழுதி வரவேண்டும். ஏன் மாறினார்கள் என்பதையும் எழுதவேண்டும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்து, பின்பு தோட்டக்காரரான பாட்டனார் ஒரு கொப்பியில் வந்தார். தென்னிலங்கையிற் சுருட்டுக்கடை வைத்திருந்தவர், தோணி கட்டியவர், ஆசிரியப் பணியை விட்டுத் தையல் பொறியின் முன் அமர்ந்த தாயார் எனப் பலரும் வந்தனர். ஒரே தொழிலோடு வாழ்ந்து முடித்தவர் மிகச் சிலரே. "தாத்தா இதையெல்லாம் இதுவரை சொன்னதேயில்லை, சேர்" என்றார்கள் பிள்ளைகள். நீங்கள் இதுவரை கேட்டீர்களா என்றேன். தலை குனிந்தார்கள்; அவர்களுடன் நானும்.

ஒரு மாணவன் கேட்டான்: "சேர், உங்கட அப்பா என்ன வேலை செய்தவர்?"

"புகையிரத நிலைய அதிபர்; பிறகு சந்தியிற் சைக்கிள் திருத்தினவர்" என்றேன். எவரும் சிரிக்கவில்லை. மறுநாள் அந்தக் கொப்பியையும் கையொப்பமிட்ட தாளையும் வகுப்புக்குக் கொண்டுசென்றேன். பிள்ளைகள் அவற்றை வாங்குக்கு வாங்கு கைமாற்றிப் பார்த்தார்கள்.

உங்கள் வீட்டுச் சுவரிலும் ஏதேனும் ஓர் ஆணியில், எதையும் திறவாத ஒரு திறப்பு தொங்கக்கூடும். அதனை மாட்டிவைத்தவர் இருக்கும்பொழுதே, அது எந்தக் கதவினுடையது என்று கேட்டுவிடுங்கள்.