பாலையாவின் காது

நல்ல நடிப்புன்னா நல்ல வசனம்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். அதை மாற்றியவர் டி.எஸ். பாலையா.

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் மகன் நாகேஷ் திகில் கதை சொல்லும் காட்சியை ஒருமுறை சத்தமில்லாமல் பாருங்கள். கதை சொல்பவர் நாகேஷ். ஆனால் பயம் படிப்படியாக ஏறுவது அப்பா பாலையாவின் முகத்தில். அவர் செய்வது கேட்பது மட்டும்தான்.

1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி'யில் வில்லனாக வந்தவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். வில்லன் எதிராளியைக் கவனிச்சிக்கிட்டே இருக்கணும். அந்தப் பழக்கம்தான் பின்னாளில் காமெடிக்கும் கைகொடுத்தது என்பது என் கணிப்பு.

'திருவிளையாடல்' (1965) ஹேமநாத பாகவதர், பாலமுரளிகிருஷ்ணா குரலில் கர்வமாகப் பாடுவார். ஆனால் அந்தக் கர்வம் உடைவது, இரவில் விறகுவெட்டியின் பாட்டைக் கேட்கும்போது. அங்கே அவருக்குப் பாட்டே கிடையாது, முகம் மட்டும்தான். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) முத்துராக்கு தவில்காரர்; நாதஸ்வரத்தைக் கேட்டுத் தட்டுவதே அவர் தொழில்.

வில்லன், அப்பா, பாகவதர், தவில்காரர்: வேஷம்தான் வேற வேற. அடுத்த முறை இந்தப் படங்களைப் பார்த்தால், பாலையா பேசாத இடங்களைக் கவனியுங்கள்.